வளைவில் மட்டும் நூற்றிருபது

போன மாதம் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கார்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிற இடம். கீழே மிர்ச்சி பஜ்ஜி கடை, நடுவில் சாஃப்ட்வேர் வகுப்பு, மேலே நாங்கள். தெலுங்கில் ஆரம்பித்து, இந்தியில் தாவி, இங்கிலீஷில் ஒருவழியாகக் கரையேறினேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், நீங்க சர்வீஸ்ல இருந்தப்போ எந்த ஸ்கேனர் யூஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். எல்லாரும் பரபரவென்று குறித்துக்கொண்டார்கள். அதுவரை நான் பேசியதில் ஒரு வார்த்தையையும் யாரும் குறித்ததாகத் தெரியவில்லை.

மெட்ரோவில் திரும்பி வரும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல். ஸ்கேனர் பெயரை எதற்குச் சொன்னேன்? எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த தாமோதரன் சார் பெயரை அல்லவா சொல்லியிருக்க வேண்டும். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். என் வீட்டில் இதைப் படிக்க ஆள் கிடையாது. மகளுக்குத் தமிழ் புரியும், எழுத்து தெரியாது. படித்துக் காட்டினால், நன்றாயிருக்கிறது என்பதைத் தெலுங்கில் "பாகுந்தி" என்பாள். ஆனாலும் தமிழில்தான் எழுதப் போகிறேன். சாரும் நானும் ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொண்ட மொழி இதுதான்.

என் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சில வருஷம் இருந்தேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியா?" என்று கேட்பார்கள். அப்போதுதான் கார்களில் கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. பழைய கைகள் எல்லாம் ஒயரைப் பார்த்து மிரண்டன. மிரளாத ஆளாகத் தேடிக்கொண்டிருந்தார் தாமோதரன் சார். இன்டர்வியூவில் அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "ஒரு வண்டில லைட் மங்கலா எரியுது. ஏன்னு கேக்கலே மா, எங்கேர்ந்து பாக்க ஆரம்பிப்பே, அதைச் சொல்லு." சொன்னேன். மறுநாள் வரச் சொன்னார். அன்று சாயங்காலம் ராமச்சந்திராபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவர், "கார் மெக்கானிக்கா!" என்று சாப்பாடு முடிகிற வரைக்கும் சிரித்தார். காலையில் எழுந்து பார்த்தால் அவரே இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தார்.

தாமோதரன் சார்தான் எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர். அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து உட்கார்ந்த தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் இந்தி. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. சட்டைப் பையில் எல்லா மேனேஜர்களும் பேனா வைத்திருப்பார்கள். இவர் டயர் காற்று அளக்கிற கேஜ் வைத்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழுக்கு மாறிவிடுவார். "தயவுசெய்து அந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னோடு வாருங்கள்" என்று சொன்னால், அந்த ஆளுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். தமிழ் தெரியாத தெலுங்குப் பையன்களுக்குக்கூட இது தெரியும்.

வண்டியைப் பார்க்கிற விதத்தில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வண்டிக்காரர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வார்த்தையிலேயே கேட்க வேண்டும். நம் பாஷைக்கு மாற்றக் கூடாது. அடுத்து, எதையும் தொடாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஸ்கேனர் மாட்டுவதெல்லாம் அதற்கப்புறம். நான் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரின் கார் வந்தது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது என்றார். நான் காலை முழுக்க ஒயரையும் சென்சாரையும் கட்டிக்கொண்டு அழுதேன். சார் ஒரு சுற்று வந்தார், குனிந்தார், "டயரு மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டரின் மகன் அழகுக்காகப் பெரிய சைஸ் டயர் போட்டிருந்தான். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். பாவம், கம்ப்யூட்டர் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் டயரைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைக்கும் ரோட்டில் நிற்கிற வண்டியின் டயர் சைஸைப் படிக்காமல் தாண்ட முடிவதில்லை. கூட வருகிற மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

சார் போட்ட இரண்டு விதிகளைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, சோதித்துவிட்டுக் 'கோளாறு இல்லை' என்று எழுதக் கூடாது. எங்கள் தொழிலில் எல்லாரும் எழுதுகிற வாசகம் அது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "இல்லேன்னு சொல்றதுக்கு நீ யாரு மா? நமக்கு இன்னும் காட்டலேன்னு எழுது" என்பார்.

இன்னொன்று, ஒர்க்‌ஷாப்பிலோ டெஸ்ட் டிரைவிலோ ஹார்ன் அடிக்கக் கூடாது. எங்கள் ஒர்க்‌ஷாப் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டி இருந்தது. வண்டியை ஓட்டிப் பார்க்கிற பாதையும் அந்தக் குவார்ட்டர்ஸ் தெருக்கள்தான். ராத்திரி முழுக்க ரயில் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். சாரின் அப்பாவும் ரயில் ஓட்டியவர். பகலில் சத்தம் போட்டு அப்பாவை எழுப்பிவிட்டு வாங்கிய அடியெல்லாம் சார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் வாசலில் சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு. மீறி யாராவது ஹார்னைத் தொட்டால், தொட்ட இடத்திலேயே இறங்கி ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வர வேண்டும். நானும் ஒருமுறை வெயிலில் நடந்திருக்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, என்ன செய்ய? போகப் போக எங்கள் கைகள் ஹார்னையே மறந்துவிட்டன. ஹைதராபாத்தில் ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்டுகிற கூட்டம் நாங்கள் மட்டும்தான் என்று எங்களுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

இப்போது அந்த வெள்ளை வண்டிக்கு வருகிறேன்.

கச்சிபௌலி பக்கம் ஒரு பெரிய அலுவலகம். ஷிப்ட் வேலைக்கு வருகிற பெண்களை வீட்டிலிருந்து கூட்டிப் போய்த் திரும்ப விடுவதற்கு நிறைய வண்டிகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, ஏழு பேர் உட்காருகிற டீசல் வண்டி. அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் வண்டிகளுக்குப் பொறுப்பாளரான சௌத்ரி வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நடையிலேயே தெரியும். எல்லா வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். அது இன்ஜின் கம்ப்யூட்டரிடம் வேகத்தைக் கேட்டுக் கேட்டு சௌத்ரியின் ஃபோனுக்கு அனுப்பும். வேகம் எல்லை தாண்டினால் ஃபோன் கத்தும். இந்த வண்டிக்கு மட்டும் கொஞ்ச நாளாகத் தினமும் கத்துகிறது. நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று காட்டுகிறது. ஓட்டுகிற யாதகிரி, தான் அறுபதைத் தாண்டுவதே இல்லை என்று சத்தியம் செய்கிறார். அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சௌத்ரி கெட்டவர் இல்லை. பயணம் செய்த பெண்களையும் விசாரித்திருக்கிறார். முக்கால்வாசிப் பேர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள். ஒரு பெண் மட்டும், அந்த ஆள் மாட்டு வண்டி மாதிரி ஓட்டுகிறார், தினமும் லேட்டாகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் இயந்திரம் ஒன்று சொல்லும்போது, அரைத் தூக்கத்தில் இருந்த பெண்ணின் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் சௌத்ரி. "பின்னாடி உக்காந்திருக்கிறது வீட்டுப் பொண்ணுங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று அவர் இந்தியில் கேட்டபோது எனக்கே நியாயமாகப் பட்டது. வண்டியில் கோளாறு இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் யாதகிரியை நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அந்த விஷயம் மற்ற அலுவலகங்களுக்கும் போகும். அப்புறம் அந்தப் பக்கம் எந்த வண்டியிலும் அவரை ஏற்ற மாட்டார்கள். எங்கள் ஒரு வரியில் ஒரு மனிதரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலையை ஆரம்பித்தேன். டயர் சரியான சைஸ். இம்ரான் என்று எங்கள் டெஸ்ட் டிரைவர், பஞ்சு மாதிரி ஓட்டுவான். அவன் ஓட்ட, பக்கத்தில் நான் ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். மூன்று வேகங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்: மீட்டர் முள் காட்டுவது, ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டர் சொல்வது, ஃபோன் ஜி.பி.எஸ்ஸில் வானத்திலிருந்து வாங்கிச் சொல்வது. மூன்றும் பிசகாமல் ஒத்துப் போயின. மேட்டில், பள்ளத்தில், மெதுவாக, வேகமாக, எப்படி ஓட்டினாலும் அப்படியே.

அடுத்தது ஒயர். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கியர்பாக்ஸில் ஒரு சென்சார் இருக்கும். அது வேகத்தைச் சொல்வதில்லை. உள்ளே தண்டு சுற்றச் சுற்ற ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் துடிப்புகளை எண்ணி, இதுதான் வேகம் என்று முடிவு கட்டும். எங்கிருந்தாவது கள்ளத் துடிப்பு நுழைந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். கள்ளத் துடிப்பு பெரும்பாலும் எர்த் வழியாகத்தான் நுழையும். எர்த் என்பது எல்லாக் கருவிகளின் கரண்டும் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. அது கெட்டால் ஒன்றின் தொல்லை இன்னொன்றின் தலையில் விழும். அதனால் சார் கற்றுக் கொடுத்தபடி ஹெட்லைட், ஏசி, வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் என்று வண்டியில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுவிட்டு எர்த்தை அளந்தேன். குறை சொல்ல வழியில்லை. ஒயரை ஆட்டினேன், இழுத்தேன், சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். துடிப்பை அலையாகத் திரையில் பார்த்தேன். கோலம் போட்ட மாதிரி வரிசையாக இருந்தது.

மறுநாளும் இதே கதைதான். சாயங்காலம் சார் அறைக்குப் போய், "சார், எல்லாம் சுத்தமா இருக்கு. எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"கைக்கு மா இவ்ளோ அவசரம்? அந்த ஃபோன் கத்தினது எந்தெந்த இடத்துல, பார்த்தியா?"

பார்க்கவில்லை. எத்தனை தடவை கத்தியது என்று பார்த்தேன், எங்கே என்று பார்க்கவில்லை. சௌத்ரியைக் கேட்டு அந்த வரைபடத்தை வாங்கினோம். ரோடுகளின் மேல் சிவப்புப் புள்ளிகள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துக்கொண்டே போனார். செகந்திராபாத்தில் அவருக்குத் தெரியாத முனை கிடையாது. இது மெட்டுகூடா திருப்பம். இது 'ஆலுகட்ட பாவி' ரயில் பாலத்துக்கு அடியில் நுழைகிற இடம். இது ஒரு பள்ளிக்கூட வாசல். இது மசூதி ஓரத்துச் சந்து. கச்சிபௌலிக்குப் போகிற நீண்ட நேர் ரோட்டில், இஷ்டத்துக்குப் பறக்கக்கூடிய இடத்தில், ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வளைவுல நூத்தியிருபது போனா வண்டி கவுந்து கெடக்கணும் மா. இந்த ஆளு பொய் சொல்லலே. திருப்பம் வந்தா மட்டும் அவன் என்னமோ பண்றான். நாம அதைப் பண்ணலே."

நான் இரண்டு நாளாக வண்டிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியை விட்டு எழாமல் வண்டியை ஓட்டுகிறவனின் கையருகே போய் நின்றுவிட்டார். திருப்பத்தில் என்ன செய்வார்கள்? ஸ்டியரிங் ஒடிப்பார்கள், பிரேக் மிதிப்பார்கள், கியர் மாற்றுவார்கள், இண்டிகேட்டர் போடுவார்கள். இம்ரானை வைத்து அத்தனையையும் செய்து பார்த்தேன். இண்டிகேட்டர்கூட எங்கள் ஊரில் எல்லாரும் போடுவதில்லை, ஆனாலும் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனரில் எண் அசையவில்லை.

"அந்த ஆளையே வரவழைக்கணும்" என்றார் சார்.

சௌத்ரி முடியாது என்றார். நிறுத்தி வைத்த ஆளை வண்டியைத் தொடவிட முடியாது, விதி அப்படி. சார் ஃபோனில் அமைதியாகவே பேசினார். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவன் சட்டையை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், நான் எதைப் பார்த்து வைத்தியம் செய்வது என்று கேட்டார். வண்டிக்கும் ஆளுக்கும் தானே பொறுப்பு என்றும் சொன்னார். கடைசியில் சௌத்ரி சரி என்றார்.

மறுநாள் யாதகிரி வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். வண்டியைக் கண்டதும்தான் கால் நகர்ந்தது. நேராகப் போய் பக்கக் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கூட ஓட்டுகிறவர்கள் தன்னை 'ரேஸ் யாதகிரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதைச் சொன்னார். அவர் தெலுங்கில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன். "வேலை போனாக்கூட வேற பாத்துப்பேன் மேடம். பொம்பளப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ரேஸ் விட்டான்னு பேர் வந்துருச்சே, அதை எங்க போய்க் கழுவுறது?" அவருக்குக் காலேஜில் படிக்கிற மகள் இருக்கிறாள் என்று அப்புறம் தெரிந்தது.

சார் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால், மடியில் ஸ்கேனர். யாதகிரி கிளப்பினார். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி, நேராக, மெதுவாக, மூச்சுகூட விடாமல் குவார்ட்டர்ஸ் தெருக்களைச் சுற்றினார். எண்கள் சாதுவாக ஏறின, இறங்கின. இந்த மனிதரே ஓட்டியும் ஒன்றுமில்லை என்றால் அவ்வளவுதானே.

சார் மட்டும் அசரவில்லை. "இது எங்க ரூட்டுப்பா. நீ உன் ரூட்ல போ. நாங்க பின்னாடி தூங்குறோம்னு நெனச்சுக்கோ" என்று அவர் தெலுங்கில் சொன்னார். யாதகிரி முதல் தடவையாகச் சிரித்தார். வண்டி மெட்டுகூடா பக்கம் திரும்பியது. ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள், எதிரில் வருகிற பைக்குகள். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது, கை பழைய வழக்கத்துக்கு வந்தது. திருப்பம் வருவதற்கு முன்னாலேயே, மறைவில் யாராவது வந்தால் தெரியட்டும் என்று, இரண்டு தடவை ஹார்ன் அடித்தார்.

என் மடியில் முப்பத்தெட்டு நூற்றுப் பதினெட்டாகி, உடனே முப்பத்தேழுக்கு இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த முனை வந்தது. மறுபடி ஹார்ன், மறுபடி நூற்றுப் பதினைந்து.

"சார்," என்றேன். "சார், ஹார்ன்."

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகு அடிக்கச் சொன்னார். சக்கரம் ஒரு அங்குலம் நகரவில்லை. ஸ்கேனரில் பூஜ்யம். யாதகிரி ஹார்னை அழுத்தினார். தொண்ணூற்றாறு. விட்டார். பூஜ்யம். திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வண்டியோடு வந்த ஹார்ன் பலவீனமானது. பாலத்துக்கு அடியில், சந்து முனையில், அது யார் காதிலும் விழுவதில்லை. பின்னால் பெண்கள் இருக்கிறார்களே என்று யாதகிரி ரோட்டோர எலக்ட்ரீஷியன் ஒருவனிடம் பலமான ஜோடி ஹார்ன் போட்டிருக்கிறார். அவன் அதன் எர்த் ஒயரை, கைக்கு எட்டிய ஒரு போல்ட்டில் முடுக்கிவிட்டான். அந்தத் துருப்பிடித்த போல்ட்டில்தான் கியர்பாக்ஸ் சென்சாரின் எர்த்தும் இருந்தது. ஹார்ன் சத்தம் போடுவதே உள்ளே கரண்ட் விட்டு விட்டுத் துடிப்பதால்தான். அந்தத் துடிப்பு போல்ட் வழியாகச் சென்சார் ஒயருக்குள் புகுந்தது, கம்ப்யூட்டர் அதையும் சக்கரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. மீட்டர் முள் மந்தமானது. ஒரு நொடித் தாவல் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்கு அதுவே போதும். அந்த மனிதர் எந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தாரோ அந்த அளவுக்கு அவரை வேகக்காரர் ஆக்கியிருந்தது அந்த வண்டி. இதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோமே, ஹார்னை மட்டும் ஏன் விட்டோம்? விட்டோம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. சார் அதைத் தானே சொன்னார். வண்டியிலிருந்து இறங்கி, பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு, "நம்ம கை ஹார்ன் மேல போகாது மா. நான் போட்ட ரூலு. நான்தான் இந்த வண்டியைப் பேச விடலே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மேனேஜர் தன் பெருமையான விதியே காலை வாரிவிட்டது என்று, தனக்குக் கீழே வேலை செய்கிறவள் முன்னாலும் வேலை பறிபோக இருந்த டிரைவர் முன்னாலும் அப்படிச் சிரித்துச் சொல்ல முடியுமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போல்ட்டை நோக்கிக் குனிந்தேன்.

"நக்கோ," என்றார். "இப்ப சரி பண்ணிட்டா நாளைக்கு யாரு நம்புவா? இப்பிடியே எடுத்துக்கிட்டுப் போலாம்."

அப்படியே கச்சிபௌலிக்குப் போனோம். யாதகிரிதான் ஓட்டினார். வழி முழுக்க ஹார்னைத் தொடவே இல்லை. அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் சார் கல் வைத்தார். சௌத்ரியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். முதலில், எங்கள் வழக்கத்தாலேயே இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளாயிற்று என்பதை ஒளிக்காமல் சொன்னார். அப்புறம், "அடிங்க சாஹேப்" என்றார்.

சௌத்ரி ஹார்னை அழுத்தினார். சட்டைப் பையில் அவருடைய ஃபோன் கத்தியது. எடுத்துப் பார்த்தார். இந்த வண்டி எல்லை மீறிய வேகத்தில் போகிறது என்று எச்சரிக்கை, இடம் அவர் உட்கார்ந்திருந்த அதே இடம். மறுபடி அழுத்தினார். மறுபடி கத்தியது. மூன்றாவது தடவை யாரும் சொல்லாமலே அழுத்தினார். பிறகு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யாதகிரியின் முன்னால் போய் நின்றார். தப்பு எங்களுடையது, நாளையிலிருந்து டூட்டிக்கு வா என்று இந்தியில் சொன்னார். வளைத்துப் பேசவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது மரியாதை வந்தது.

யாதகிரி தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. "அந்த நோட்டீஸ்?" என்று கேட்டார்.

டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறையின் சுவரில் அவர் ஃபோட்டோவோடு ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக. சௌத்ரிக்கு முகம் மாறியது. இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று விறுவிறுவென்று அறைக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அறை காலியாக இருந்தது. வண்டிகள் எல்லாம் டிரிப்பில் இருந்தன. சௌத்ரி காகிதத்தின் முனையில் விரல் வைத்தார்.

"இப்ப வேணாம் சார்," என்றார் யாதகிரி. குரல் உயரவில்லை. "ஒட்டும்போது எல்லாரும் இருந்தாங்க. எடுக்கும்போதும் இருக்கட்டும்."

வண்டிகள் திரும்ப சாயங்காலம் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு டெலிவரி கொடுக்க வேண்டிய கார்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. நான் சாரிடம் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டார். "இருங்கள் அம்மா. இதை முடித்துவிட்டுத்தான் நாம் கிளம்புகிறோம்" என்றார். அத்தனை வருஷத்தில் கோபமில்லாமல் அவர் சுத்தத் தமிழ் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

உட்கார்ந்திருந்தோம். சௌத்ரியும் தன் அறைக்குப் போகவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. டிரைவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, டீ கிளாஸோடு, பேசிக்கொண்டே உள்ளே வந்து, எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கடைசி வண்டியும் வந்த பிறகு சௌத்ரி எழுந்து, நடந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வண்டிதான் பொய் சொன்னது, யாதகிரி சொன்னது உண்மை என்றார். அப்புறம் காகிதத்தைப் பிடித்து இழுத்தார். அழுத்தமாகப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் அது ஒரே இழுப்பில் வரவில்லை. ஃபோட்டோ இருந்த பக்கம் சுவரோடு நின்றுவிட்டது. சௌத்ரி குனிந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. யாதகிரியும் போகவில்லை. தாமோதரன் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சுவர் சுத்தமாகிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.